ஐந்தாம் பெட்டியின் பத்து மணி

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், உரம் போட்ட மண் எவ்வளவு கரியமில வாயு விடுகிறது என்று அளக்க ஆறு வெள்ளைப் பெட்டிகளைப் பதித்தார்கள். கோலாலம்பூரிலிருந்து வந்த ஆராய்ச்சியாளன் யுவனேஸ்வரன்தான் பொறுப்பு. பெட்டிகள் தாமாகவே அளந்து அவன் கணினிக்கு அனுப்பிவிடும்.

மற்ற பெட்டிகள் சாதுவாக இருந்தன. ஐந்தாவதின் அளவு மட்டும் தினமும் காலை பத்து மணிக்கு எகிறும், பத்தேகாலுக்கு அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை எகிறாது.

மண்ணுக்கு ஞாயிறு லீவு என்பது யாருக்கும் உறுத்தவில்லை. யுவனேஸ்வரன் அறிக்கை அனுப்பினான். அந்தச் சரிவுக்கு உரம் போடக் கூடாது என்று விவசாய இலாகா உத்தரவு போட்டது. தோட்டத்துத் துரை உரத்தை நிறுத்தினார். இலை வெளுத்தது. பத்து மணி மட்டும் மாறவில்லை.

கடைசியில் யுவனேஸ்வரன் தானே வந்து செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து காவல் இருந்தான்.

பத்து மணிக்குக் கொழுந்து மூட்டையை இறக்கிவிட்டு ஒரு பெண் வந்தாள். ஐம்பத்திரண்டு வயதுக் காளியம்மா. பிளாஸ்கைத் திறந்து வைத்துக்கொண்டு, பெட்டியின் காற்றுத் துளைக்கு நேராகக் குனிந்தாள்.

"கேளு. நேத்தும் லைன் வீட்டுல தண்ணி வரல. ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணிகிட்ட சொன்னா, குரங்கு பைப்பைக் கடிச்சிருச்சாம்..."

யுவனேஸ்வரன் எழுந்து வந்தான். "அக்கா, பெட்டிகிட்ட ஏன் பேசுறீங்க?"

"வேற யார்கிட்ட பேச? என்கூட கொழுந்து வெட்டுற பதினோரு பேரும் வங்காளதேசம், நேப்பாளம். நல்ல புள்ளைங்கதான், தமிழ் தெரியாது லா. மவன் கூப்பிட்டான்னு பக்கத்து வீட்டு சீதாவும் ஈப்போவுக்குப் போயிட்டா. இது குறுக்க பேசாது."

அவன் தன் மேலதிகாரி டாக்டர் சசிதரனுக்குப் போன் போட்டான். "டாக்டர், அது மண் இல்ல. ஒரு அக்கா."

சசிதரன் குரலைத் தாழ்த்தினார். "அறிக்கை மேலிடத்துக்குப் போயாச்சு. டிசம்பர் வரைக்கும் எதையும் மாத்த முடியாது. அந்த அம்மாவ அப்படியே பேசச் சொல்லு. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

காளியம்மாவுக்கு முத்திரை குத்திய கடிதம் வந்தது. அவள் இனி 'தற்காலிக உமிழ்வு மூலம்'. பத்திலிருந்து பத்தேகால் வரை பேச வேண்டும்.

மறுநாள் அவள் பெட்டி முன் உட்கார்ந்தாள். வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. கடிதத்தையே உரக்கப் படித்தாள். அடுத்த நாள் ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணினாள். நாலாம் நாள் எழுந்து, பக்கத்தில் நின்ற யுவனேஸ்வரனிடம் திரும்பினாள்.

"ஆர்டர் போட்டா பேச்சு வருமா? இம்புட்டு நாளா நான் சொன்னதெல்லாம் கோலாலம்பூர்ல உக்காந்து கேட்டீங்களா?"

"இல்லக்கா, மூச்ச மட்டும்தான் அளக்கும். பேச்சு அதுக்குக் கேக்காது."

அவள் நம்பவில்லை. முகம் சிவக்கத் தலைத்துண்டை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தாள். அதற்குப் பிறகு பெட்டிப் பக்கமே வரவில்லை, யாரிடமும் பேசவில்லை.

பெட்டியின் அளவு சட்டென்று விழுந்தது. இலாகாவுக்குப் பெரிய சந்தோஷம். உரத்தை நிறுத்தியது பலித்துவிட்டதாம்! துரைக்கு மாலையும் கேடயமும் கொடுத்தார்கள். தடையைத் தோட்டம் முழுவதற்கும் நீட்டினார்கள். துரை கேடயத்தை வாங்கிக்கொண்டு, வெளுத்துப்போன மலையைப் பார்த்தபடி நின்றார்.

யுவனேஸ்வரன் தன் பழைய அறிக்கையைத் திரும்ப எடுத்தான். நடந்ததை ஒன்று விடாமல் எழுதி, தன் பெயரிலேயே மேலிடத்துக்கு அனுப்பினான். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: 'மனித மூச்சு விவசாயத் துறையின் கீழ் வராது. உரிய இலாகாவை அணுகவும். பெட்டிகளைத் திரிங்காப் காய்கறித் தோட்டத்துக்கு மாற்றவும்.'

பெட்டிகளை ஏற்றிய கையோடு அவன் காளியம்மாவைத் தேடிப் போய்க் கடிதத்தைப் படித்துக் காட்டினான்.

"அப்ப நான் எந்த இலாகா?"

"தெரியலக்கா. மன்னிச்சிருங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெட்டி எங்க?"

"லோரில ஏத்தியாச்சு."

"உன் பையில ஒயர் கியர் இருக்கா?"

அவன் இரண்டு பையையும் வெளியே இழுத்துக் காட்டினான். போன், ஒரு பேனா, பெட்ரோல் ரசீது. போனையும் அணைக்கச் சொன்னாள். அணைத்தான்.

"சரி, உக்காரு," என்று பிளாஸ்க் மூடியில் தேநீரை ஊற்றி நீட்டினாள். "சீதா ஈப்போ போனது மவன் கூப்பிட்டு இல்ல. அது வேற கதை."

கீழே லோரி இரண்டு தடவை ஹாரன் அடித்தது. யுவனேஸ்வரன் எழுந்திருக்கவில்லை.