உப்பைக் கழுவியவள்

எங்கள் துறையில் நாற்றம் என்று சொல்லக்கூடாது. 'வாசனை அனுபவம்' என்று சொல்ல வேண்டும். ஜெயசீலன் சார் அப்படித்தான் சொல்வார், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. விஷுவல் ஆர்ட்ஸ் கடைசி வருடம், ஸ்டுடியோ ப்ராஜெக்டுக்கு அவர்தான் என் கைடு. அவர் கையெழுத்து இல்லாமல் ரிவ்யூ இல்லை, ரிவ்யூ தேறாமல் டிகிரி இல்லை. அதனால் நான்கு மாதம் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன்.

நான் முதலில் எடுத்துப்போனது வேறு. வேலூரில் சத்துவாச்சாரி தாண்டி ஹைவேயை ஒட்டி மனை பிரித்து, கல் நட்டு, கலர் கொடி கட்டி வைத்திருப்பார்களே, அந்த வெறும் மனைகளைப் பன்னிரண்டு ஓவியமாக வரைந்திருந்தேன். தெரு இருக்கும், வீடு இருக்காது, மொட்டை வெயில் மட்டும் இருக்கும். எனக்கு அவை பிடித்திருந்தன. சார் முதல் இரண்டைப் பார்த்தார், மீதியைப் புரட்டவே இல்லை.

"இத யார் வேணா பண்ணலாம் பிரிசில்லா. நீ ஆம்பூர்தானே? அப்பா டேனரிதானே? உன் கதை அங்க இருக்கு. லெதர் பண்ணு," என்றார்.

அவருக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. அப்பா ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் என்றுதான் முதல் வருடத்திலிருந்தே வகுப்பில் சொல்லி வைத்திருந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து மேஜை சோபனா, எனக்கு ரெடிமேடாக ஒரு கான்செப்ட் கிடைத்துவிட்டது என்று நிஜமாகவே பொறாமைப்பட்டாள். அவள் அப்பா பேங்க் மேனேஜர். உன் கதை பேங்கில் இருக்கிறது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவள் பட்டாம்பூச்சி செய்துகொண்டிருந்தாள்.

அப்பா பெயர் இன்பராஜ். ஆம்பூரில் ஒரு டேனரியின் பச்சைத்தோல் குடோனில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறார். அறுத்த ஆட்டின் தோல் வந்து இறங்கியதும் அழுகாமலிருக்க உப்பு கட்டுவது அவர் வேலை. தோலின் உள்பக்கத்தில் கல்லுப்பை அள்ளித் தேய்த்து, மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். அவர் அடுக்கியதில் ஒரு தோல்கூட இதுவரை கெட்டதில்லை. இன்பராஜ் கை வைத்தது என்றால் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்று மேஸ்திரி ரஷீத் அஹமது பாய் மற்ற டேனரிக்காரர்களிடமும் சொல்வாராம். அப்பா பெருமையடித்துக்கொள்ளும் விஷயம் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

இதெல்லாம் எனக்குக் கேள்வி ஞானம். குடோன் வாசலை நான் மிதித்ததே இல்லை. வேலை முடிந்து வந்தால் பின்பக்கக் குழாயில் குளித்து, சட்டையை வெளிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் அப்பா வீட்டுக்குள் வரவேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டது அம்மா இல்லை. ஏழாவது படிக்கும்போது நான் போட்டது. அப்பா அன்றிலிருந்து அப்படியே செய்தார்.

அப்படிப்பட்ட நான் போன் செய்து, ப்ராஜெக்டுக்குத் தோல் வேண்டும் என்றபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிறே ஆறு ஆட்டுத் தோலைத் தார்ப்பாயில் சுற்றி, எக்செல் வண்டியில் கட்டி, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஹாஸ்டல் கேட்டில் நான் அவரை அவசர அவசரமாக அனுப்பப் பார்த்தேன். கிளம்பும்போது, ஆறும் தானே கட்டியது, மூன்று மாதம் ஆனாலும் ஒன்றும் ஆகாது என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கினார்.

"எம் பேரு போடுவியாம்மா?"

போட்டேன். வெள்ளை அட்டையில் அச்சடித்தேன்: 'உப்பு கட்டியது: இன்பராஜ், ஆம்பூர்.' அதன் போட்டோவையும், ரிவ்யூ படங்கள் வரும் டிபார்ட்மென்ட் ஆன்லைன் பக்கத்தின் லிங்க்கையும் அனுப்பியதும் குடோனில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார்.

கேலரியில் புது டைல்ஸ் போட்டிருந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு தோலை விரித்ததும் உப்பு கொட்டியது. அதைப் பார்த்த ஜெயசீலன் சார் முகத்தைச் சுளித்தார். உப்பு அசிங்கமாக இருக்கிறது, நன்றாகக் கழுவித் தொங்கவிடு, தோல் மட்டும் பேசட்டும் என்றார். கழுவினேன். ஹாஸ்டல் பக்கெட்டில் சோப்புப் பொடி போட்டு நான்கு தண்ணீர் மாற்றிக் கழுவினேன். காய்ந்தால் விறைத்துப்போகும், அழகாகத் தொங்காது என்று ஈரத்தோடு பாலித்தீனில் சுற்றி மூன்று நாள் வைத்தேன். வேலூரின் மார்ச் மாதத்து வெயில், காற்றில்லாத ஸ்டோர் ரூம். கழுவாதே என்று அப்பா சொல்லி அனுப்பவில்லை. அவர் உலகத்தில் அதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பாலித்தீனைப் பிரித்ததும் வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். தோல் வழவழவென்று, பச்சை ஓடி, தொட்ட இடத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. துடைத்தாலும் அந்த வழவழப்பு விரலை விட்டுப் போகவில்லை. எப்படியோ மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஆறையும் சுவரில் மாட்டினேன். சோபனா தன் பட்டாம்பூச்சிகளை எடுத்துக்கொண்டு வேறு ஹாலுக்குப் போய்விட்டாள்.

சார் வந்தார். கண்ணை மூடி ஆழமாக மூச்சிழுத்தார். "இதான் ட்ரூத்," என்றார். முடி உதிர்ந்து சொட்டையான இடங்கள் மேப் போல இருக்கின்றனவாம். பக்கத்துச் சுவரில் ஒட்ட ஒரு வாசகமும் அவரே சொன்னார்: 'என் தந்தை தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்த வாசனை.' அச்சடித்து ஒட்டினேன். பொய் என்று தெரிந்து ஒட்டவில்லை, அதுதான் கேவலம். தோல் என்றால் இப்படித்தான் நாறும், அப்பாவின் சட்டையில் வந்ததும் இதுதான் என்று நானும் நம்பினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு வளர்ந்தவளுக்கு வேறு என்ன தெரியும்?

ரிவ்யூவுக்கு அப்பாவையும் சார் அழைத்திருந்தார். தேய்த்த சட்டை போட்டு, ரஷீத் பாய் கொடுத்த அத்தரைப் பூசிக்கொண்டு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் மூக்கு சுருங்கியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நேரே முதல் தோலிடம் போய்க் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தார். முடி கழன்று தரையில் விழுந்தது. என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"உப்பு எங்கம்மா?"

"கழுவிட்டேன்பா."

அவர் தன் பெயர் போட்ட அட்டையைப் பார்த்தார். சார் ஒட்டவைத்த வாசகத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான், ஏதோ பெரிய தப்பு செய்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

அதற்குள் சென்னையிலிருந்து எக்ஸ்டர்னலாக வந்திருந்த மேடம் மார்க் ஷீட்டோடு பக்கத்தில் வந்துவிட்டார். துப்பட்டாவால் மூக்கை மூடியிருந்தார். கண் கலங்கியிருந்தது, நெடியாலா இரக்கத்தாலா தெரியவில்லை. தினமும் இந்த வாசனையில்தான் வேலை செய்கிறீர்களா என்று அப்பாவிடம் கேட்டார். ஹாலில் எல்லோரும் அப்பாவையே பார்த்தார்கள். அப்பா மார்க் ஷீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆமா மேடம். எங்க எடத்துல இப்டித்தான் இருக்கும்."

மேடம் தலையசைத்து ஏதோ எழுதிக்கொண்டார். சார் அப்பாவின் தோளைப் பிடித்து அட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தி, கையைத் தோல்மேல் வைக்கச் சொல்லி நாலைந்து போட்டோ எடுத்தார். அப்பா சிரிக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் சார்.

வெளியே தோட்டக் குழாயில் அப்பா மூன்று முறை கை கழுவினார். மார்க் வந்துவிடும்தானே என்று கேட்டார். வந்துவிடும் என்றேன்.

"குடோன்ல உப்பு வாசனதாம்மா ஜாஸ்தி வரும். இது கெட்டுப்போன வாசன. இப்டி ஒண்ணு ஆச்சுன்னா மறுநாள் என்ன உள்ளயே வுடமாட்டாங்க." சட்டையில் கையைத் துடைத்தார். "ஊர்ல யாரான்டயும் சொல்லாத. நாங் கட்டினது கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்குவாங்க."

அப்போது என் போன் அதிர்ந்தது. டிபார்ட்மென்டின் ஆன்லைன் பக்கத்தில் சார் போட்டோவை ஏற்றிவிட்டிருந்தார். சொட்டை விழுந்த தோல், அதன்மேல் அப்பாவின் கை, பக்கத்தில் பெரிய எழுத்தில் அவர் பெயர். போட்டோவில் நாற்றம் வராது. ஆனால் சொட்டையைப் பார்த்தால் போதும், ஆம்பூரில் குடோன் ஆட்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். நான் அதைக் காட்டி முடிப்பதற்குள் அப்பாவின் போன் அடித்தது. ரஷீத் பாய். அப்பா எடுக்கவில்லை. பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது அடித்து ஓய்ந்ததும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

நான் ஹாலுக்குத் திரும்பினேன். ஏழாவது வகுப்பில் அந்தச் சட்டம் போட்ட வாயை உள்ளே இருந்தே கழுவ வேண்டும்போல் அருவருப்பாக இருந்தது. சாரின் வாசகத்தைக் கிழித்துப் போட்டேன். மார்க்கரை எடுத்து அப்பாவின் அட்டைக்குக் கீழே சுவரிலேயே எழுதினேன்: 'உப்பைக் கழுவிக் கெடுத்தது: அவர் மகள் பிரிசில்லா. அவர் குடோனில் ஒருநாளும் இப்படி நாறியதில்லை.' எக்ஸ்டர்னல் மேடத்திடம் போய், அப்பா எனக்காகப் பொய் சொன்னார் என்றேன்.

ஜெயசீலன் சார் இரண்டு நொடி வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு முகம் மலர்ந்தது. "வாவ். டெக்ஸ்ட் இன்டர்வென்ஷன். மேடம், பாத்தீங்களா?" என்று போனை எடுத்தார்.

காறித் துப்பலாம்போல இருந்தது. இவர்களிடம் என்ன செய்தாலும் அதற்கு ஒரு ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்கள். மேடம் மட்டும் மார்க் ஷீட்டில் எதையோ அடித்துத் திருத்தினார். ஏறியதா இறங்கியதா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

"போடுங்க சார். எம் பேரு நல்லா தெரியற மாதிரி எடுத்து, இப்பவே போடுங்க," என்றேன்.

போட்டார். படத்துக்குக் கீழே பவர்ஃபுல் என்று சோபனா எழுதினாள். இன்னும் யார் யாரோ கைதட்டினார்கள். நான் ஸ்டோர் ரூம் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் கழித்து ரஷீத் அஹமது என்ற பெயரில் ஒரு வரி வந்தது.

'உப்பப் போயி கழுவுவாங்களா? இன்பராஜ் பொண்ணா நீ?'

சார் அதற்கும் ஒரு சிவப்பு இதயம் போட்டார். நான் அந்த வரியை மட்டும் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினேன். இனி பாய் கூப்பிட்டால் அவர் போனை எடுக்கலாம்.