எழும்பாத பெட்டி

பொன்னுமணி மறுபடியும் சுவிட்சை அணைத்தாள், மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டாள், போட்டாள். உள்ளே காற்றாடி உறுமியது. கறுப்புத் திரையில் பச்சை எண்கள் மளமளவென்று ஏறி 640-இல் போய் நின்றன. ஒரு கீச்சு. அடுத்த வரியில் 301. அவ்வளவுதான், அதற்குமேல் பெட்டி அசைய மாட்டேன் என்றது. அந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்லும் புத்தகத்தை, பெட்டியை மாட்டிக் கொடுத்த மதுரை இன்ஜினியர் கையோடு கொண்டுபோய்விட்டார்.

போடி ஏலக்காய்க் கடைகளில் முதல் கம்ப்யூட்டர் தன் கடையில்தான் என்று ஞானதுரை முதலாளிக்கு ஒரே பெருமை. அதற்கென்று கண்ணாடி அறை கட்டி, ஏசி மாட்டி, திரை தொங்கவிட்டு, செருப்பை வெளியே கழற்றச் சொன்னார். அவருடைய மாமனாருக்கே வீட்டில் அவ்வளவு மரியாதை கிடையாது. அதில் கணக்கு ஏற்றும் பொன்னுமணியைத் தவிர உள்ளே போகிற ஒரே ஆள், காலையில் கூட்டிப் பெருக்கும் வேலுத்தாய். அவளுக்கும் பெட்டியைத் தொடக்கூடாது என்று கட்டளை. தொட்டால் அன்றோடு சோலி போச்சு.

"மத்தியான ஏலத்துக்கு மூட்டைச் சீட்டு வேணும். அதுக்குள்ள இது எந்திரிக்கலைன்னா ஜீப்புல ஏத்தி மதுரைக்கே அனுப்பிருவேன். நீயும் ஒங்கய்யா கூடக் கெளம்பிரலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் முதலாளி.

அய்யா சுருளிவேல் அதைக் கேட்டுவிட்டார் என்பதுதான் வினை. பருத்திக்கொட்டை வாங்கச் சிலமலையிலிருந்து வந்தவர், மகளை எட்டிப் பார்ப்போம் என்று நுழைந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். 'முதலாளி வச்சுக்கிற வரைக்கும் போ. அவரு வேணாம்னுட்டா தேவாரத்துச் சம்பந்தத்துக்குச் சரின்னு சொல்லிருவேன்' என்பது அவர் பேச்சு. தேவாரத்து மாப்பிள்ளைமேல் குறை ஒன்றுமில்லை. தோட்டம் உண்டு, கிணறு உண்டு, நல்ல குணம் என்றுகூடச் சொன்னார்கள். அவளுக்குத்தான் போக மனசில்லை. தான் தட்டத் தட்டப் பச்சை எழுத்து முளைக்கிற இந்த இடத்தை விட்டுவிட்டுப் போக அவளால் முடியாது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பிளாப்பியை மாற்றிப் பார்த்தாள். டிரைவின் வாயைப் பஞ்சால் துடைத்தாள். வயரையெல்லாம் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினாள். அதே 301. ஏசி ஓடியும் கழுத்து வேர்த்தது. ஆத்திரத்தில் கீபோர்டையே கழற்றிப் போட்டுவிட்டுச் சுவிட்சைத் தட்டினாள். அப்போதும் 301.

அவள் கை நின்றது. கீபோர்டு இல்லாதபோதும் அதே புலம்பல் என்றால், புலம்பலே கீபோர்டைப் பற்றித்தானே!

மடியில் வைத்து ஒவ்வொரு பட்டனாக அமுக்கினாள். எல்லாம் துள்ளி எழுந்தன. அடியில் இருந்த நீளப் பட்டன் மட்டும் ஒரு நூல் தாழ்ந்து, எழும்பாமல் கிடந்தது. ஹேர்பின்னை உருவி ஓரத்தில் நெம்பினாள். உள்ளே மஞ்சளாய், பாறையாய், சந்தனம். நகத்தில் குங்குமம் ஒட்டியது.

வாசல் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு துடைப்பத்தோடு நின்ற வேலுத்தாயின் முகம் வெளுத்திருந்தது.

"நான்தேன் தாயி," என்றாள் கிசுகிசுப்பாக. "முந்தாநா ஆயுத பூசைக்குத் தராசுக்கு வச்சோம், சல்லடைக்கு வச்சோம், ஜீப்புக்குக்கூட வச்சோம். இது மட்டும் மூளியா இருந்துச்சு. செருப்பைக் கழட்டிட்டு வர்ற எடமில்லையா, மனசு கேக்கல. அந்த நீளக் கட்டை நெத்தி கணக்கா இருந்துச்சு, பட்டை போட்டேன். பெறகு மொதலாளிக்குப் பயந்து ஈரத்துணியால தொடச்சுப்பிட்டேன்."

துடைத்ததில் கரைந்து உள்ளே இறங்கி இறுகியிருக்கிறது. பொன்னுமணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. "வெரசாப் பஞ்சு கொண்டாக்கா" என்றாள். சுரண்டினாள், துடைத்தாள், ஏசிக் காற்றில் காட்டினாள். பட்டனை மாட்டி, சுவிட்சைப் போட்டாள். எண்கள் ஏறி 640-இல் நின்றன, 301 வரவில்லை, டிரைவ் கரகரத்தது.

முதலாளி வந்துவிட்டார். "அட, எந்திரிச்சிருச்சே! என்னம்மா கோளாறு?"

"தூசி முதலாளி."

"நெனச்சேன். ஏலக்காய் பொடைக்கிற பொம்பளையாள்க அத்தனை பேரையும் நாளைக்கே மலைக் குடோனுக்கு மாத்திர்றேன். இங்கன இனிமே தூசியே ஆகாது."

பின்கட்டில் முறங்கள் புடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த பெண்கள். இருட்டோடு ஜீப்பில் ஏறி மலைக்குப் போனால் அந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பது? ஓர் ஆளைக் காப்பாற்றச் சொன்ன சின்னப் பொய் இப்படிப் போய் முடியும் என்று அவள் நினைக்கவேயில்லை.

"தூசி இல்ல முதலாளி," என்றாள். பஞ்சில் ஒட்டியிருந்த மஞ்சளைக் காட்டினாள். "ஆயுத பூசைக்குச் சந்தனம் வச்சது. உள்ள போயி இறுகிருச்சு."

"யாரு வச்சா?"

வேலுத்தாய் வாயைத் திறந்தாள். பொன்னுமணி முந்திக்கொண்டாள். "நான்தான்."

கண்ணாடிக்கு வெளியே அய்யா கிளம்பப் போகிறவர்போல எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"படிச்ச புள்ளதானம்மா நீ?" என்றார் முதலாளி. அவர் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்பதைக் கேட்க அவளுக்குத் தைரியமில்லை. மூட்டைச் சீட்டுக்கான கட்டளையைத் தட்டிவிட்டாள். பிரிண்டர் காது கிழியக் கத்தத் தொடங்கியது. முதலாளி அச்சாகிற சீட்டைப் பார்த்துவிட்டு வெளியே போய் அய்யாவிடம் பேசினார். உதடுகள் அசைவது தெரிந்தது, ஒரு சொல்லும் உள்ளே வரவில்லை. அய்யா தலையை ஆட்டினார், எதற்கென்று தெரியவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் அடுத்த மூட்டையின் எண்ணைத் தட்டினாள்.

நீளக் காகிதம் மடங்கி மடங்கித் தரைக்கு இறங்கியது. வேலுத்தாய் குனிந்து, அது தரையில் படாமல் முந்தானையில் ஏந்திக்கொண்டிருந்தாள்.