பிக்கப்புக்கு முன்னால் நடப்பவள்

ராஜபாண்டிக்கு ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்க வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். வாங்கப் புறப்பட்ட நாளிலிருந்து அவனுக்குத் தலை சுற்றுவதுதான் நின்றபாடில்லை.

மும்பை தாராவியில் அவனுக்கு ஜெனரேட்டர் வாடகைத் தொழில். இரண்டு சக்கர டிராலியில் ஏற்றி வைத்த பெரிய ஜெனரேட்டர். அம்மன் கொடை, அந்தோணியார் சப்பரம், கணபதி என்று வருஷம் முழுக்க யாராவது வெளிச்சம் கேட்டு வருவார்கள். சப்பரம் முன்னே போகும். ஒரு பிக்கப் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு பின்னே வரும். நடுவில், சப்பரத்துக்குக் கரண்ட் போகிற வயர் சக்கரத்தில் சிக்காதபடி தோளில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி மாலதி நடப்பாள். வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேளக்காரர்கள் போகிற வேகத்தில், ஊர்வலம் முடிகிற வரைக்கும்.

போன வருஷம் வாடகைக்கு வந்த பிக்கப், ஓர் இறக்கத்தில் அவள் காலில் இடித்துவிட்டது. டிரைவர் பிரேக் போடாமல் இல்லை. பின்னாலிருந்த ஜெனரேட்டர் வண்டியையே தள்ளிவிட்டது. டிராலிப் பக்கம் நின்ற ராஜபாண்டிக்கு மேளச் சத்தத்தில் அவள் கத்தியது கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கெண்டைக்கால் வீங்கிக் கிடந்ததைப் பார்த்தான். மாலதி அழவில்லை, சண்டையும் போடவில்லை.

"இனிமே எவன் வண்டிக்கு முன்னாலயும் நான் நடக்க மாட்டேன். சொந்தமா வாங்குங்க, நீங்களே ஓட்டுங்க. எனக்குப் பயம் போச்சுன்னா நடக்கேன். போவலன்னா வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்றாள்.

வேறு ஆளையும் வைத்துப் பார்த்தான். வந்தவன் போனைப் பார்த்துக்கொண்டே நடந்து வயரைச் சக்கரத்துக்கு அடியில் விட்டுவிட்டான். நல்லவேளை, அம்மன் இருட்டில் நின்றாளே தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்த வருஷக் கொடைக்கோ அட்வான்ஸ் வாங்கியாயிற்று.

கையில் மூணு லட்சம் இருந்தது. அதற்கு மேல் சல்லிக் காசு கிடையாது. முதலில் போனில் வீடியோ பார்த்தான். அதில் யாரோ வெள்ளைக்காரர்கள், அவன் குடியிருக்கிற லேபர் கேம்ப் சந்தில் பாதியை அடைக்கிற வண்டிகளில் படகை இழுத்துக்கொண்டு மலையேறினார்கள். தாராவியில் எவன் படகை இழுக்கப்போகிறான்? ஆனாலும் பாதி ராத்திரி வரை பார்த்தான்.

செம்பூரில் பழைய வண்டி விற்கும் தௌசீப், மேலப்பாளையத்துப் பூர்வீகம். "அண்ணாச்சி, டார்க்தான் முக்கியம். டார்க் இருந்தா மலையவே இழுக்கலாம். டென்சன் நகோ, கவலையே படாதீங்க" என்றான். டார்க் என்றால் என்ன என்று கேட்க ராஜபாண்டிக்கு வெட்கமாக இருந்தது. ரொம்ப நாளாகத் தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டி வைத்தான்.

கூடப் படித்த தனசீலன் அணுசக்தி நகரில் டெக்னீஷியன். அவனைக் கேட்டால், "எலேய் பாண்டி, தூக்குற எடை வேற, இழுக்குற எடை வேற. ஒன் ஜெனரேட்டர் எத்தன கிலோ? கொக்கி தாங்குமா? வண்டிக்கு ஆர்டிஓ பிட்னஸ் சர்ட்டிபிகேட் எத்தன வருசத்துக்கு இருக்கு?" என்று திருப்பி இவனையே கேட்டான். பதில் தேடிப் போனவனுக்குக் கூடுதலாக நாலு கேள்வி கிடைத்தது.

கடைசியில் தௌசீப்பின் யார்டில் இரண்டு வண்டி மிஞ்சின. ஒன்று வெள்ளை. புதுசு மாதிரி மினுங்கியது, மியூசிக் சிஸ்டம் வேறு. இன்னொன்று பழுப்பு நிறம். முன்பு என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளை நன்றாக இழுக்கும் என்றான் தௌசீப். பழுப்பு கனமான வண்டி, ஆனால் டீசல் குடிக்கும் என்றான். இரண்டும் மூணு லட்சத்துக்குள் வந்ததுதான் பெரிய தொல்லை. ஒன்று எட்டாத விலையாக இருந்திருந்தால் முடிவு தானாக வந்திருக்கும்.

"ஹைவேல ஒரு ரவுண்டு அடிச்சுப் பாருங்க" என்றான் தௌசீப்.

"ஹைவேல என்னத்துக்கு? சப்பரம் ஹைவேலயா போவுது?" என்று மாலதி கேட்டாள். "ஜெனரேட்டர மாட்டுங்க. நான் நடக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை. யார்டுக்குப் பின்னால் சின்ன இறக்கம் ஒன்று உண்டு. வாடகை டெம்போவில் கட்டி இழுத்து வந்த ஜெனரேட்டரை முதலில் வெள்ளையில் கோத்தார்கள். மாலதி வயரைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றாள். சப்பரமும் இல்லை, மேளமும் இல்லை. நடுரோட்டில் ஒருத்தி மெதுவாக நடப்பதையும் அவள் பின்னால் வண்டி ஒன்று ஊர்வதையும் டீக்கடையில் நின்றவர்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

கிளட்சை விட்டதும் வெள்ளை ஒரு குலுங்கு குலுங்கித் துள்ளியது. மாலதி திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் பார்த்தாள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபோது ஜெனரேட்டர் பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளியது. அவள் சட்டென்று நடைபாதையில் ஏறிக்கொண்டாள். அவள் கை கெண்டைக்காலைத் தடவிப் பார்த்ததைக் முன்கண்ணாடி வழியாக ராஜபாண்டி பார்த்தான். வாடகை டிரைவரை வருஷம் முழுக்கத் திட்டித் தீர்த்திருந்தான். இப்போது ஸ்டியரிங் அவன் கையில் இருந்தது.

"போதும்டி. வேண்டாம், விட்டுரு. தொழில மாத்திக்கிடுவோம்" என்றான்.

"அதையும் பாத்துருவோம்" என்று பழுப்பு வண்டியைக் காட்டினாள்.

பழுப்பு கிளம்பும்போதே கர்புர்ரென்று ஊரைக் கூட்டியது. முதல் கியரில் போட்டுக் காலை எடுத்தான். அது அவசரமே இல்லாமல் அவள் பின்னால் போனது. மாலதி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு முறை. இறக்கம் வந்தது. அவன் உடம்பெல்லாம் வேர்த்து, பிரேக் மேல் காலை வைத்தபடியே இறங்கினான்.

பாதி இறக்கத்தில் மாலதி நின்றுவிட்டாள். அவன் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. ஜெனரேட்டரும் அசையாமல் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டிக்கு முதுகைக் காட்டியபடியே குனிந்து, செருப்புக்குள் புகுந்த கல்லை எடுத்துப் போட்டாள். வாரைச் சாவகாசமாக மாட்டினாள். பம்பருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கை நீளம் இருந்தால் அதிகம்.

தௌசீப் ஓடிவந்தான். "என்னண்ணே, டார்க் எப்படி?"

தனசீலன் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எந்த வண்டி, எத்தனை கிலோ என்று கேட்பதற்காக இருக்கும். ராஜபாண்டி எடுக்கவில்லை. அவனுக்கு டார்க் என்றால் என்னவென்று இன்னும் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுதான்" என்றான்.

அப்போதுதான் மாலதி நிமிர்ந்து திரும்பினாள்.

"வண்டி நின்னுட்டா? எப்ப நின்னுச்சு?" என்றாள். "நான் கவனிக்கவே இல்லையே."