கொண்டை ஊசி வளைவில் என் சமையலறை

நான் பஸ் கண்டக்டர். இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன்.

காலையில் வாசல் தெளித்துவிட்டு அடுப்படிக்கு வந்து விசிலை இரண்டு முறை ஊதுவேன். ஆனைப்பட்டி பஸ் நிலையத்தில் வண்டி புறப்படும். டிக்கெட்டைக் கிழித்துச் சமையல் மேடையில் வைத்தால் அது வண்டியில் ஏறியவரின் கையில் இருக்கும். நிறுத்தம் வந்தால் ஒரு விசில், ஏறி இறங்கியதும் இரண்டு விசில். நடுவில் தோசை வார்த்துக்கொள்ளலாம். வண்டி மஞ்சமலையின் அடிவாரத்தைத் தொட்டதும் மட்டும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் வீடு சாயும். முதல் வளைவில் டம்ளர்கள் எல்லாம் இடது பக்கம் போகும், அடுத்த வளைவில் திரும்பி வந்துவிடும். சாம்பாரை நான் பாதிச் சட்டிக்கு மேல் வைப்பதில்லை.

அதற்கு முன் பதினோரு வருடம் வண்டியிலேயே இருந்தேன். அந்தப் பதினோரு வருடமும் நான் பகலில் தண்ணீர் குடித்ததில்லை. குடித்தால் இறங்க வேண்டியிருக்கும். ஆனைப்பட்டிக்கும் மலை உச்சிக்கும் இடையில் ஆண்களுக்கு எல்லா வளைவும் ஒதுங்க இடம்தான், பெண்ணுக்கு ஓர் இடம்கூடக் கிடையாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பயணிகளிடம் எரிந்து விழுவேன். கடைசியில் கிட்னியில் கல் வந்து, ஆபரேஷன் செய்து, வீட்டில் படுத்திருந்தேன். படுத்திருந்த மூன்றாம் நாள், நேரமானதும் கை தன்பாட்டுக்குத் தலையணைக்கு அடியிலிருந்த விசிலை எடுத்தது. ஊதினேன். சாயங்காலம் டிரைவர் சாமியப்பண்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு என்னைப் பார்க்க வந்தார்.

"விசில் நல்லாக் கேட்டுச்சு அம்மிணி" என்றார்.

அத்தோடு அது ஏற்பாடாகிவிட்டது. எங்கள் செங்காந்தள் மோட்டார்ஸ் முதலாளிக்கும் திருப்திதான். கண்டக்டர் இல்லாத வண்டியில் இன்னும் ஓர் ஆள் நிற்கலாம். பிறகு ரங்கநாயகியும் மற்றப் பெண் கண்டக்டர்களும் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். ரங்கநாயகி ஆற்றோர ரூட்டில் இருந்தாள். தன் வீட்டு ஜன்னலில் எப்போதும் நல்ல காற்று வருவதாகச் சொல்வாள்.

நான் நிறையத் தண்ணீர் குடித்தேன். மத்தியானம் சூடாகச் சாப்பிட்டேன். பயணிகளின் பெயர்களைத் தெரிந்துகொண்டேன். இத்தனை வருடம் முன் சீட்டில் உட்கார்ந்து வந்த தேயிலைத் தோட்டத்து டீச்சருக்கு ஒரு காது கேட்காது என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் அவருடைய நிறுத்தத்துக்கு மட்டும் விசிலைக் கொஞ்சம் நீட்டி ஊதினேன்.

போன சித்திரையில் கம்பெனிக்குக் குணசீலன் என்பவர் மேனேஜராக வந்தார். வந்த வாரமே, அடுத்த மாதத்திலிருந்து எல்லாக் கண்டக்டர்களும் வண்டிக்குள் இருக்க வேண்டும், இல்லாதவர்களுக்கு வேலை இல்லை என்று சொல்லி அனுப்பினார். வருமானம் குறைந்ததா என்று சாமியப்பண்ணன் கேட்டாராம். குறையவில்லை, கூடியிருக்கிறது, ஆனால் கண்டக்டர் என்றால் கண்ணில் படவேண்டும் என்றாராம்.

என் வீட்டுக்காரர் நூல் மில்லில் பகல் ஷிப்ட் போகிறவர். சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். இரண்டு சம்பளத்தில் ஓடுகிற வீடு, கொஞ்சம் அனுசரித்துப் போனால்தான் என்ன என்றார்.

"போகமாட்டன்" என்றேன்.

அவர் கை கழுவிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு போய்க் குடிதண்ணீர் பிடித்துவந்து அடுப்படியில் என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார்.

மாதம் பிறந்தது. மற்றவர்கள் வண்டிக்குத் திரும்பினார்கள். ரங்கநாயகிக்கு இரண்டு பிள்ளைகள், அவளால் மறுக்க முடியவில்லை. ஒரு வாரம் கழித்துப் போன் செய்தாள். ஏதேதோ பேசிவிட்டு, வைக்கும்போது மெதுவாகச் சொன்னாள்.

"நான் மறுபடியும் தண்ணி குடிக்கறத நிறுத்திட்டனுங்கக்கா."

அன்றைக்கு நான் கொடுத்த விசில்கள் எல்லாம் தேவைக்கு அதிகமான சத்தமாக இருந்ததாகப் பயணிகள் சொன்னார்கள்.

என் வண்டியில் புதிதாக ஓர் ஆளைப் போட்டார்கள். அவன் வண்டிக்குள் நின்று விசில் ஊதினான், வண்டி நகரவில்லை. நான் ஊதினேன், நகர்ந்தது. மேனேஜர் சாமியப்பண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார். தனக்கு இரண்டு விசிலும் கேட்பதாகவும், ஆனால் ஒன்றுக்குத்தான் கியர் விழுகிறது என்றும் அண்ணன் சொன்னார். கியரைக் கழற்றிப் பார்த்தார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. புது ஆளுக்குக் கடைசி சீட்டில் இடம் கொடுத்தார்கள். அவன் தினமும் மலைக்குப் போய்வந்தான், சற்று உடம்பும் தேறினான்.

பிறகு ஒருநாள் குணசீலனே என் வீட்டுக்கு வந்தார். வண்டி அப்போதுதான் மலை ஏற ஆரம்பித்திருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நிலைப்படியில் நின்றபடி மயிலாத்தாள் என்பது நீங்கள்தானா என்று கேட்டார்.

"படியில நிக்காதீங்க. உள்ள வாங்க" என்றேன்.

உள்ளே வந்தார். முதல் வளைவு வந்தது. பழக்கமில்லாததால் அரிசி டின்னின் மேல் போய் உட்கார்ந்துவிட்டார். நாளைக் காலை நான் வண்டியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இன்றோடு கணக்கு முடிந்தது, இதைச் சொல்லத்தான் வந்ததாகச் சொன்னார். என் வேலையில் என்ன குறை என்று கேட்டேன். குறை ஒன்றும் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

"விசில் ஊதறது மட்டும் வேலை இல்லம்மா. ஆள் நிக்கணும். ஆள் நின்னாத்தான் ஒரு பயம் இருக்கும்."

"பயத்துக்கு நான் டிக்கெட் கிழிக்கறதில்லீங்க. ஊருக்குப் போறவங்களுக்குக் கிழிக்கறேன்."

ஊர் உலகத்தில் எல்லா வண்டியிலும் கண்டக்டர் இருக்கிறாரே என்றார். இருக்கிறார்கள், அவர்களில் பெண்களைக் கூப்பிட்டு, கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள் என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் அடுத்த வளைவு வந்தது. டம்ளர்கள் அவர் காலடிக்கு உருண்டு போயின. ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வண்டியில் நடுச் சீட்டுக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றுகொண்டு வந்தாள். அந்தச் சீட்டிலிருந்த நீலச் சட்டைக்காரரை எழுந்து இடம் விடச் சொன்னேன். அவர் எழுந்தார். குணசீலன் அதைக் கவனித்தார்.

"உங்களுக்கு எங்கீங்க?" என்று அவரைக் கேட்டேன்.

தான் மேனேஜர் என்றார். பாஸ் வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருப்பவர் யாராக இருந்தாலும் டிக்கெட் வேண்டும். அது கம்பெனியின் சட்டம், நான் போட்டதல்ல. வளைவுகளுக்கு நடுவில் நிறுத்தம் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். மலை உச்சிக்கு ஒன்று கொடுக்கச் சொன்னார். கிழித்துக் கொடுத்தேன். முகம் வெளிறிப்போயிருந்தது. ஒரு எலுமிச்சம் பழமும் கொடுத்தேன். முகர்ந்துகொண்டே வந்தார். பாதி மலை ஏறியதும் தன் பழைய வேலையைப் பற்றிச் சொன்னார். அங்கே இவர் தினமும் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவாராம். இவருடைய மகள் வெகுநாள் வரை இவரைப் பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்திருந்தாளாம். நான் எதிர்ப்பக்கமாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன், பெரிய வளைவு வந்தது.

உச்சி வந்ததும் ஒரு விசில் கொடுத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தேன். பனி அடுப்படிக்குள் வந்தது. வெளியே தேயிலைச் சரிவும், அரச மரமும், டீக்கடையும் இருந்தன. குணசீலன் டம்ளர்களை மேடையில் வைத்துவிட்டு வாசலில் திரும்பி நின்றார்.

"சொன்னதுல மாத்தம் இல்லம்மா. நாளைக்கு உங்களுக்கு வேலை கிடையாது."

"நாளைக்கும் ஊதுவனுங்க. அதுக்கு அடுத்த நாளும் ஊதுவன். வேலை இல்லைன்னு வண்டிகிட்டச் சொல்லுங்க. பாத்து இறங்குங்க, கீழ வழுக்கும்."

இறங்கினார். கதவைச் சாத்தினேன். குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து நின்றவாக்கிலேயே முழுக்கக் குடித்தேன். பிறகு ரங்கநாயகிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

மறுநாள் நேரத்துக்கு ஊதினேன். ஆனைப்பட்டியில் என் வண்டி கிளம்பியது. அதன் பின்னாலேயே ஆற்றோர வண்டியும் கிளம்பியது, உள்ளே கண்டக்டர் இல்லை என்று சாமியப்பண்ணன் சொன்னார். மத்தியானத்துக்குள் மற்ற வண்டிகளும் அப்படியே ஓடின. ரங்கநாயகி வீட்டில் காற்று பலமாக அடித்ததில் நாள்காட்டி கிழிந்துவிட்டதாம்.

எங்களை வேலையை விட்டு நிறுத்த வேண்டிய குணசீலன் கீழே வரவில்லை. திரும்பி வருவதானால் அத்தனை வளைவுகளையும் கடக்க வேண்டும், அதற்கு அவர் தயாராக இல்லை. அரச மரத்தடி டீக்கடையில் ஒரு பெஞ்சைப் பிடித்து அங்கிருந்தே கம்பெனியை நடத்தினார். ஆபீஸுக்கு வந்து நாற்காலியில் உட்காரும்படி முதலாளி ஆள் மேல் ஆள் அனுப்பினார். இங்கே எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது, தூக்கமும் வருகிறது, வரமுடியாது என்று சொல்லிவிட்டார். பள்ளி விடுமுறைக்கு அவருடைய மனைவியும் மகளும் என் வண்டியில்தான் மேலே போனார்கள். மகள் ஜன்னல் சீட்டுக் கேட்டாள், ஒழித்துக் கொடுத்தேன்.

போன திங்கட்கிழமை அடிவாரத்தில் சாமியப்பண்ணன் வண்டியை நிறுத்தினார். என்ன அண்ணா என்று கேட்டேன். மலை வரவில்லை என்றார். இனிமேல் தன் வீட்டிலிருந்தே மலையாக இருந்துகொள்வதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறதாம். மலைக்கு வீடு எந்தப் பக்கம் என்று டீச்சர் கேட்டார். ராமநாதபுரம் பக்கமாக இருக்கும் என்று அண்ணன் சொன்னார்.

சரி, வழக்கம்போல ஏறுங்கள் என்றேன். ஏறினார். டம்ளர்கள் எல்லாம் இடது பக்கம் போயின.