கைக்குழந்தைக்குச் செரிக்காத மா

ரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், அறுபத்தாறாம் வருஷம், அழகம்மாவுக்குப் புள்ளைக்காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும், அவர்களுடைய குழந்தைகளை ஏணையில் போட்டு ஆட்டுவதும், ஸ்டோரிலிருந்து உடைத்த டின்னில் வரும் பால்மாவைக் கரைத்துக் கொடுப்பதும் அவள் பொறுப்பு.

அந்த வருஷம் கைக்குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. வயிறு உப்பிக் கல்லாகிவிடும். பிறகு புளித்த நாற்றத்தோடு நீராகப் போகும். நல்லம்மாவின் நாலு மாதப் பையன் பன்னிரண்டு நாள் அப்படிப் போய் இறந்தான். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் நடராஜா, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்து வாசலில் நின்று எல்லார் காதிலும் விழச் சொன்னார்: "நல்லம்மா வெயில்ல நின்னுட்டு வந்து சூட்டோட தாய்ப்பால் குடுத்திருக்கா. கையும் கழுவுறதில்ல. புள்ளை எப்பிடித் தங்கும்?"

அதன்பின் லயத்தில் ஒருத்தியும் தன் பிள்ளையை நல்லம்மா கையில் கொடுக்கவில்லை. அவள் புருஷன்கூட அவள் முகம் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டான்.

அழகம்மாவுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பல் முளைத்த பிள்ளைகளும் அதே பாலைத்தான் குடித்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு காலை பால்மா அள்ளும்போது டின் விளிம்பு அவள் விரலைக் கிழித்துவிட்டது. மாவு படிந்த கையோடு டிஸ்பென்சரிக்கு ஓடினாள். நடராஜா அயடினைப் பஞ்சில் நனைத்து வைத்தார். விரலைச் சுற்றி மை கொட்டியதுபோல் கருநீலமாயிற்று. அவர் அவசரமாகத் துடைத்தார்.

"என்னய்யா இது?"

"ஒண்ணுமில்ல. மருந்து அப்பிடித்தான்."

"போன மாசம் கத்தி வெட்டுனப்பவும் இதே மருந்துதானே போட்டீங்க. அப்ப மஞ்சளாத்தான் இருந்துச்சு."

அழகம்மா போத்தலை எடுத்து, மாவு ஒட்டியிருந்த மற்றக் கையிலும் ஊற்றினாள். அதுவும் கருநீலம்.

"சொல்லாம நான் போகமாட்டேன்யா."

நடராஜா கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மாச்சத்துல பட்டா இது நீலமாகும். பால்ல மாச்சத்து கெடையாது. யாரோ கோதுமை மா கலந்திருக்காங்க."

"கலந்தா என்ன ஆகும்?"

"பெரியவங்களுக்கு ஒண்ணுமாகாது. வாயில ஊர்ற எச்சியும், வயித்துக்குப் பின்னால கணையம்னு ஒண்ணு இருக்கு, அது சுரக்கிற நீரும் மாவை ஒடைச்சுச் சக்கரையாக்கிரும். அப்பறந்தான் ரத்தத்துல சேரும். நாலு மாசக் கொழந்தைக்கு அந்த நீர் இன்னும் சரியாச் சுரக்காது. மா செரிக்காமப் பெருங்குடலுக்கு எறங்கிப் புளிக்கும். காத்து கட்டும். தண்ணியை இழுத்துப் பேதியாகும். பால்ல கெடைக்க வேண்டிய புரதமும் பாதியாப் போயிரும். ஒடம்பு எதை வச்சு வளரும்?"

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவர் பஞ்சைக் கிள்ளிக்கொண்டிருந்தார். "நல்லம்மா புள்ளைக்குப் புளிச்ச வாடை அடிச்சப்பவே ஒரு சந்தேகம். ஸ்டோர் கிளாக்கர் லெட்சுமணன் தோட்டத் தொரைக்கு வேண்டியவரு. நான் என்ன செய்ய?"

மாவைக் கரைத்துப் பிள்ளையின் வாயில் ஊற்றியவள் அழகம்மா. குடிக்க மாட்டேனென்று தலையைத் திருப்பியபோது, தாடையைப் பிடித்து ஊற்றியவளும் அவள்தான். அயடின் போத்தலை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வெளியேறினாள்.

மாலை கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தொரை, லெட்சுமணன், நடராஜா மூவரும் இருந்தார்கள். பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். அழகம்மா இரண்டு கோப்பைகளைத் தராசு மேசைமேல் வைத்தாள். ஒன்றில் மாட்டுப் பால், மற்றதில் புள்ளைக்காம்பராப் பால். இரண்டிலும் அயடினைச் சொட்டினாள். மாட்டுப் பால் லேசாக மஞ்சளித்தது. மற்றது கறுத்தது.

"ஈரத்துல கெட்ட மாவா இருக்கும் சார்," என்றான் லெட்சுமணன்.

தொரை நடராஜாவைப் பார்த்தார். நடராஜா தராசைப் பார்த்தார்.

"ஐயா பேசமாட்டாரு. நான் பேசுறேன்," என்றாள் அழகம்மா. "கோதுமை மாவைச் செரிக்கிற நீர் கைக்கொழந்தைக்குச் சுரக்காதாம். அது கொடல்ல கெடந்து புளிச்சுத்தான் புள்ளை செத்துச்சு. தாய்ப்பால் கெட்டுச் சாகலை. நல்ல பால்மா டின்னு எங்க போச்சுன்னு கிளாக்கரைக் கேளுங்க. டின்னு ஏன் எப்பவும் ஒடைச்சே வருதுன்னு கேளுங்க."

வரிசையில் நல்லம்மா நின்றாள். கூடையைக்கூட இறக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் தன் கொழுந்தை மடுவத்துத் தரையில் கொட்டினாள். அடுத்தவளும் கொட்டினாள். சற்று நேரத்தில் தொரையின் கால் சப்பாத்தோடு கொழுந்தில் புதைந்தது.

மூன்று நாள் யாரும் மலையேறவில்லை. நாலாம் நாள், டின்னைப் புள்ளைக்காம்பராவில் தாய்மாருக்கு முன்னால்தான் உடைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. லெட்சுமணனைப் பொலிஸில் கொடுக்கவில்லை. வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள், அதே வேலைக்கு. பத்து நாளில் குழந்தைகளின் கல் வயிறு இளகியது, போக்கும் நின்றது.

அழகம்மாவின் கோபம் மட்டும் இளகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடராஜாவின் வீட்டுக்குப் போய், அவரை நல்லம்மாவிடம் கூட்டிவந்தாள்.

"தப்பு ஒம்மேல இல்ல," என்றார் அவர் வாசலில் நின்று. "பால்மாவுலதான். நான் அன்னைக்குத் தெரியாமச் சொல்லிட்டேன்."

"தெரிஞ்சுதான் சொன்னீங்க," என்றாள் அழகம்மா.

நல்லம்மா வாசலுக்கு வந்தாள். "எனக்குச் சொல்லி என்ன ஆகுது? அன்னைக்கு எல்லாருக்கும்தானே சொன்னீங்க."

லயத்தில் இருபது வீடு. நடராஜா முதல் கதவைத் தட்டி, தப்பு நல்லம்மாமேல் இல்லையென்று சொன்னார். பிறகு அடுத்தது. அழகம்மா பின்னாலேயே போனாள். ஏழாவது வீட்டில் அவர் குரல் தணிந்து வாய்க்குள்ளேயே போயிற்று.

"கேக்கலை. மறுபடி சொல்லுங்க," என்றாள் அழகம்மா.

அவர் மறுபடி சொன்னார்.