முடிச்சுப் போட்ட செர்ரி

லைட்ஹவுஸ் குப்பத்து மீனவன் ராஜவேலுவை மாலா காதலித்துக் கட்டிக்கொண்டபோது, திருப்பாலைவனத்தில் நெல் பயிரிடும் அவள் அப்பா வீரராகவன் கல்யாணத்துக்கு வந்தார், மொய் வைத்தார், பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். மருமகன் வீட்டுக்குள் மட்டும் கால் வைக்க மாட்டேன் என்றார். சாதியையோ வசதியையோ அவர் இழுக்கவில்லை. மணலைக் காட்டினார்.

"ஒரு மரம் காய்க்காத எடத்துல என் பொண்ணு இன்னாத்த பொழைக்கும்? இந்த வாசல்ல ஒண்ணு காய்க்கட்டும், அப்ப உள்ள வரேன்."

அதிலிருந்து மனிதர் மாதம் தவறாமல் வண்டியில் வருவார். தெருவிலேயே நின்று ஹாரன் அடிப்பார். அரிசி மூட்டையை இறக்கிவிட்டு, மீன் பையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். கூரியர்காரன்கூட அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கிறான். அப்பாவை உள்ளே உட்காரவைத்து ஒருவேளை சோறு போட வேண்டும் என்பதுதான் மாலாவின் ஒரே ஆசை.

பழவேற்காடு பஜாருக்குச் செடி வண்டி வந்த அன்று அவள் 'ஹைப்ரிட் செர்ரி'யைப் பிடித்தாள். ஹைப்ரிட் என்றால் என்னவென்று விற்றவனுக்கும் தெரியாது, வாங்கியவளுக்கும் தெரியாது. அந்த மாதிரிச் சரக்குக்குத்தான் பேரம் சூடாக நடக்கும். உப்புக் காற்று தாங்குமா என்று கேட்டாள். துபாயிலேயே காய்க்கிறது என்றான். துபாய் போய்வந்தவர் யாரும் பக்கத்தில் இல்லாததால் வியாபாரம் படிந்தது.

நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, பிறந்த ஊர்ச் செம்மண்ணைப் பஸ்ஸில் மூட்டையாகக் கொண்டுவந்து நிரப்பினாள். அடி பம்புத் தண்ணீர் உப்பு என்பதால் குடிதண்ணீரையே ஊற்றினாள். தனக்கு ஒரு சொம்பு, மரத்துக்கு ஒரு குடமா என்று மாமியார் ஜெயம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள். செடி எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் ஆள் உயரம் வளர்ந்தது, பூத்தது, கோலிக்குண்டு அளவில் பச்சைப் பசேலென்று காய்த்தது. மாலா அப்பாவுக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்றார் அவர்.

சனிக்கிழமை அவள் வாழையிலை வாங்கப் போயிருந்த நேரத்தில், மரத்தில் ஒரு மைனா வந்து உட்கார்ந்ததை ராஜவேலு பார்த்தான். கண்ணில் பட்ட மீனை நாளைக்குப் பிடிக்கலாம் என்று விட்டால் அது அடுத்தவன் வலைக்குப் போய்விடும். அவன் தொழில் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். ஒரு காய் மிச்சமில்லாமல் உருவினான். கெட்டுப்போகக் கூடாதே என்று இறாலுக்குப் போடுகிற மாதிரி ஐஸ் ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு என்று மீன் பெட்டியில் அடைத்தான். பெண்டாட்டி வந்ததும் மூடியைத் திறந்து பெருமையாகக் காட்டினான்.

மாலா அப்படியே மணலில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நைனா வந்து வெறும் எலையப் பாத்துட்டு வண்டியத் திருப்பிகினு போய்டுவாரு. அப்புறம் இந்த ஜென்மத்துல வரமாட்டாரு."

ராஜவேலு தலையைச் சொறிந்தான். பிறகு கூட்டாளி தனசேகரைக் கூப்பிட்டான். இருவரும் வலை பின்னும் நைலான் நூலோடு மரத்தைச் சுற்றி உட்கார்ந்து, பொழுது சாய்வதற்குள் காய்களைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். தொழில் சுத்தமானவர்கள். சுறா இழுத்தாலும் அவிழாத முடிச்சு. காய்க்கும் காய்க்கும் நடுவே வலைக்கண் மாதிரி ஒரே இடைவெளி. கட்ட முடியாத பொடிக் காய்களை ஜெயம்மா புளிக்குப் பதிலாகக் குழம்புக்கு எடுத்துவைத்துக்கொண்டாள். மீனையே கெடாமல் காத்த தண்ணீர் செடியைக் காக்காதா என்று, பெட்டியில் உருகிக் கிடந்ததை ராஜவேலு வேரில் ஊற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை வீரராகவன் வந்தார். சீரியல் பல்பு போட்ட மாதிரிக் காய்த்திருந்த மரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஒன்றைப் பறிக்கலாமென்று இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். கிளை வந்தது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இன்னா மாப்ள இது?"

காற்றில் விழாமல் இருக்கக் கட்டியது என்றான் ராஜவேலு. ஜெயம்மா நடுவில் புகுந்து, எது எப்படியோ இந்த மரத்துக் காய் இந்த மரத்தில்தானே தொங்குகிறது, சம்பந்தி பேச்சு மாறலாமா என்று மடக்கினாள். கட்டியதெல்லாம் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டு அவர் வண்டிப் பக்கம் திரும்பினார். வாழையிலையும் கையுமாக மாலா அவர் பின்னாலேயே போனாள்.

திரும்பியவருக்கு மீன் வாடை அடித்தது. குனிந்து டிரம் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தார். முகம் கோணியது.

"வேருல உப்புத் தண்ணிய ஊத்துனவன் எவன்? அறிவுகெட்டவனுங்களா, செடி செத்துப்போய்டும். நல்ல தண்ணி எங்க கீது?"

அடுப்படியில் என்றாள் மாலா. சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று போனவர், குடத்தோடு வந்து வேரில் கவிழ்த்தார். மறுபடி போனார், வந்தார். உப்பை அலசி விட வேண்டும், ஒரு குடம் போதாது என்று எல்லோரையும் திட்டிக்கொண்டே மூன்றாவது நடைக்குப் போனபோது, அடுப்படி வாசலில் ஜெயம்மா நின்றிருந்தாள்.

"நானும் மொதல்லருந்து பாத்துகினு கீறேன். சம்பந்தி வலது காலத்தான் எடுத்து வச்சாரு."

வீரராகவன் காலைப் பார்த்தார். தலைக்கு மேல் கூரையைப் பார்த்தார். இடுப்பில் குடம்.

"நான் செடிக்காக வந்தேன்" என்றார்.

"அதே செடிக் காயிதான் கொழம்புல கொதிக்குது" என்று மாலா இலையை விரித்தாள். "அதுக்காக ஒக்காரு நைனா."

குடத்தை எங்கே வைப்பது என்று அவர் இடம் தேடினார்.