கழுத்து முதல் குதிகால் வரை, வழி இடுப்பு

என் உடம்புக்குள் ஒரு டவுன் பஸ் ஓடுகிறது. கழுத்தில் புறப்பட்டு, இரண்டு தோளிலும் நின்று, முதுகு வழியாக இடுப்புக்கு வந்து, குதிகாலில் திரும்பும். நேரம் என்று ஒன்று கிடையாது. கண்டக்டர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. நல்ல மனிதர், விசிலை மட்டும் கொஞ்சம் அழுத்தி ஊதுவார்.

அதற்கு முன்பே ரயில் வந்துவிட்டது. ரயில் என்றால் முடக்குவாதம். நான் காலேஜில் சேர்ந்த வருஷம் விரல் கணுக்களில் தண்டவாளம் போட்டார்கள். காலையில் எழுந்ததும் இரண்டு கையிலும் பாசஞ்சர் வண்டி போகும். அது கடந்து முடிகிறவரை, கேட் மூடின ரோடு மாதிரி விரல்கள் அப்படியே கிடக்கும். ரத்தப் பரிசோதனையிலேயே அதன் கூவல் கேட்டுவிட்டதால் ரயிலுக்கு எங்கள் தெருவில் மரியாதை உண்டு. ஊறுகாய் ஜாடியைத் திறக்க நான் திணறினால், "ரயில் போவுதுல்லா, இங்கன குடுட்டி" என்று யாராவது வாங்கித் திறந்து தருவார்கள்.

பஸ்ஸுக்கு அந்த மரியாதை இல்லை. அதற்குப் போர்டு கிடையாது. போர்டு இல்லாத பஸ்ஸுக்கு எங்கள் ஊரில் யாரும் கை காட்ட மாட்டார்கள். "அது ரயில் சத்தந்தான், சுவத்துல பட்டுத் திரும்பி வருது" என்றாள் பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் சித்தி. "ரயில் ஓடுத ஊருல பஸ்ஸு எதுக்குட்டி?"

அம்மா அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவளால் ஒருநாளும் பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை. "இடது தோள்ல நிக்கும்மா" என்பேன். தைலக் குப்பியோடு அடுக்களையிலிருந்து ஓடிவருவாள். கை வைப்பதற்குள் இரண்டு விசில் கேட்டுவிடும். பஸ் இடுப்புக்குப் போயிருக்கும்.

"போயிட்டா?"

"போயிட்டும்மா."

"சவத்துக் கண்டக்டரு, ஒரு நிமிசம் நிக்கப்படாதா?"

காலியான தோளைச் சும்மா தேய்த்துவிட்டுப் போவாள். பஸ்ஸைத் தவறவிட்டவர்களின் முகம் அவளுக்கு வந்துகொண்டிருந்தது. இப்படியே போனால் ஒருநாள் அவளும், பஸ் என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணாச்சியிடம் கேட்டுப் பார்த்தேன். "நான் நிப்பாட்ட மாட்டேன்னா சொல்லுதேன் தாயி? போர்டு இல்லாத வண்டி ஒரே எடத்துல நின்னா நாலு பேரு கேள்வி கேப்பான். அதான் ஓட்டிக்கிட்டே இருக்கோம்" என்றார்.

கூட்டத்துக்குக் குறைவில்லை. கடைசி வண்டியில் ஏறுகிறவர்கள் விடிய விடியப் பேசுவதால், தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரி இருக்காது. இறங்கும் அவசரத்தில் சிலர் தங்கள் பை என்று நினைத்து என் சொற்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். போன மாதம் மாவு சலிக்க உட்கார்ந்தேன். வட்டமாக, அடியில் கண் கண்ணாக இருக்குமே, அதன் பேர் போயிருந்தது. பேர் போனதும் சாமானும் ஆணியில் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கட்டி தட்டின புட்டுதான்.

என் ரயிலை ஆரம்பத்திலிருந்து பார்த்துவருகிறவர் டாக்டர் ஜெபசெல்வி. அவரிடம் போனோம். முதலில் என் விரல்களில் காதை வைத்துக் கேட்டார். "ரயில் ஒழுங்காத்தான் ஓடுது. இது அதோட சத்தம் இல்ல" என்றார். பிறகு கட்டைவிரலால் கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று ஒவ்வொரு இடமாக அழுத்தினார். அழுத்திய இடத்திலெல்லாம் குடையும் மூட்டையுமாக ஜனங்கள் நின்றிருந்தார்கள்.

"எத்தனை நாளா இப்படி நிக்கிறாங்க?"

"ரெண்டு வருசமா டாக்டர்."

அலமாரியைத் திறந்து ஒரு போர்டை எடுத்தார். ஃபைப்ரோமயால்ஜியா என்று எழுதியிருந்தது. பேர் நீளம், பஸ் நெற்றியில் அடங்காமல் கடைசி இரண்டு எழுத்து பக்கவாட்டுக்கு மடங்கியது. டாக்டர் அதை ஆணி அடிக்கவில்லை. சணல் கயிற்றால் கட்டினார்.

"உடம்பு பூரா வலி சுத்துற நோவு. இதுவாத்தான் இருக்கும்னு நெனைக்கேன். இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும். அதான் கட்டி மட்டும் விட்டிருக்கேன்."

"இதுக்கு டிப்போ உண்டா டாக்டர்?"

"ரயிலுக்கு உண்டா?"

"இல்ல."

"அதே மாதிரிதாம்மா. வேகத்தக் குறைக்கலாம். தெனமும் கொஞ்சம் நடங்க. தூக்கத்துக்கு ஒரு மாத்திர தாரேன்."

போர்டு வேண்டும் என்று நேர்ந்துகொண்டவள் நான்தான். மாட்டின பிறகு, அவிழ்த்துவிடச் சொல்லலாமா என்று இருந்தது. ரயிலும் பஸ்ஸும் ஓடுகிற ஊரில் சும்மா படுத்துக்கிடக்க இடம் ஏது? கொஞ்சம் அழுதேன். அண்ணாச்சி விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

வெளியே அம்மா காத்திருந்தாள். "போர்டு ஆணி அடிச்சதா, கயித்தால கட்டினதா?"

"கட்டினதும்மா."

"கட்டினாலும் போர்டு போர்டுதான்." பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்து என் குதிகாலுக்கு ஒன்றாக வைத்தாள். கழுத்தில் சந்தனம் தொட்டு வைத்தாள்.

"ஆஸ்பத்திரி வாசல்ல எதுக்கும்மா?"

"புது ரூட்டு விடுதப்ப சும்மா விடுவாவளா? மிதிட்டி."

மிதித்தேன். பஸ் நசுக்கிக்கொண்டு புறப்பட்டது.

மறுநாள் காலை ரயில் போய் முடிந்ததும் அம்மா ஒயர் கூடையோடு என் இடது தோளில் வந்து நின்றாள். பஸ் வந்தது. போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கை காட்டினாள். நின்றது.

"சில்லறை கொண்டாரலயே" என்றாள்.

"பொம்பளையாளுக்கு டிக்கெட்டு கிடையாதுன்னு தெரியாதாக்கும்? ஏறுங்க ஆச்சி. எங்க எறங்கணும்?"

"கடைசி வரைக்கும் வாரேன். ஆச்சியாம்ல ஆச்சி! உமக்கு என்ன வயசு?"

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ்ஸின் பாரம் குறையவில்லை. ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களிடம் எந்த ஊரு, சாப்ட்டாச்சா என்று அம்மா விசாரிக்கும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

மத்தியானம் சண்முகத்தாய் சித்தி மோர் கொண்டுவந்தாள். "எங்கட்டி உங்கம்மா?"

"முதுகுல வந்துக்கிட்டிருக்கா சித்தி."

"சரி, மூடி வச்சிட்டுப் போறேன். நாளைக்குப் போனா எனக்கும் ஒரு சீட்டு போடச் சொல்லு" என்றாள்.

சாயங்காலம் அம்மா இடது தோளிலேயே இறங்கினாள். கூடையில் கறிவேப்பிலை இருந்தது. அதற்கு அடியிலிருந்து 'சல்லடை' என்ற சொல்லை எடுத்தாள்.

"குதிகால் ஸ்டாப்புல ஒருத்தர் மடியில வச்சிருந்தாரு. பாத்ததுமே உன்னுதுன்னு தெரிஞ்சுபோச்சு. பாவம், அவருக்கு வேற பை குடுத்துட்டு வாங்கியாந்தேன்."

முந்தானையால் தூசி தட்டித் தந்தாள். நான் இரண்டு கையாலும் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். அம்மா அதில் மாவைக் கொட்டினாள்.